ஆட்டுக்காரனுக்குத் தெரிந்த பூதங்கள்

மதுரையில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில், ஞாயிறு மதியங்களில் ஜெசிந்தா கதை நடத்துவாள். மேசையைச் சுற்றி நாலு பேர், ஆளுக்கொரு வேஷம். ஆட்டமெல்லாம் வாயால்தான், பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. பூதமும் மந்திரமும் ஜெசிந்தா கையில். அதனால் வயதில் மூத்தவர்களுக்கும் அவள்தான் குரு.

திருவேங்கடம் புதுச் சீடர். தங்கமான மனிதர். ஆனால் பூதங்களைப் பற்றிய தடிப் புத்தகத்தை வாங்கி, அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்துவிட்டார். ஒரு விளையாட்டைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அவருடைய வேஷம் மாடசாமி என்ற ஆட்டுக்காரன். ஊர் எல்லையைத் தாண்டாதவன். வேஷத்துக்குத் தெரியாததை ஆடுகிறவர் சொல்லக் கூடாது என்பது ஆட்ட விதி.

அன்று குகைக்குள் சேற்று நிறத்தில் ஏதோ எழுந்து நின்றது. மந்திரக்காரி வேஷம் கட்டிய ரஹ்மத், அது என்னவென்று கண்டுபிடிக்கப் பகடையை எடுத்தாள்.

"தீயை வைங்க!" என்று கத்தினார் திருவேங்கடம். "வெட்டினா முளைக்கும். தீ ஒண்ணுதான் அதுக்கு எமன்!"

ரஹ்மத் பகடையைக் கீழே வைத்தாள். "குரு, ஒண்ணு இவரு இருக்கட்டும். இல்ல, நாங்க இருக்கோம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வாரம் முழுக்க இந்த மதியத்துக்காகவே காத்திருக்கிற மனிதர் திருவேங்கடம்.

"தெரிஞ்சதை எப்படிக் குரு தெரியாம இருக்கிறது?"

"இருக்க வேணாம்ணே. மாடசாமிக்கு இதை யார் சொன்னா? அதை மட்டும் சொல்லுங்க."

திருவேங்கடத்துக்கு உயிர் வந்தது. "அவன் தாத்தாவை இந்த மாதிரி ஒண்ணுதான் அடிச்சுக் கொன்னுச்சு. பாட்டி மரத்து மேலருந்து பார்த்தா."

"தாத்தா" என்று சொல்லி, குரு தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். "குகை ஓரத்துல ஒரு பெட்டி இருக்கு."

"தொடாதீங்க! அதுக்குப் பல்லு இருக்கு. மாடசாமியோட அத்தை கையை விட்டா. கை திரும்பி வரலை, அத்தையும் வரலை."

"அத்தை." இன்னொரு கடலை. "குகைக்கு இன்னும் உள்ளே ஒரு பொம்பளை. தலையெல்லாம் பாம்பு."

"கண்ணைப் பார்க்காதீங்க, கல்லாயிடுவீங்க! அவன் சித்தப்பா இப்பவும் தோட்டத்துல கல்லா நிக்கிறார். ஆடெல்லாம் அவர் மேலதான் முதுகைச் சொறியும்."

ரஹ்மத்துக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "இவன் கல்யாணத்துக்கு வர ஒரு சொந்தக்காரன் மிச்சம் இருக்கானா?"

எல்லோரும் சிரித்தார்கள். திருவேங்கடம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. எடுத்த கடலையைத் தட்டிலேயே வைத்தாள்.

"அண்ணே, அந்தச் சித்தப்பா பேரு என்ன?"

திருவேங்கடம் சிரிப்பை நிறுத்தினார். புத்தகத்தில் அது இல்லை.

"யோசிக்கலையே குரு." குரல் இறங்கிவிட்டது. "அப்போ பூதத்தைப் பத்தி மாடசாமிக்கு என்னதான் தெரிஞ்சிருக்கணும்?"

ரஹ்மத்தும் பதிலுக்காகக் குருவைப் பார்த்தாள்.

"சித்தப்பா பேராவது தெரிஞ்சிருக்கணும்ணே" என்றாள் குரு.