மறுப்பு உண்டா?

அருங்கலக் குரத்தியாரின் பள்ளி ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. சமணத் துறவிகளும் மாணாக்கர்களும் அங்கே தங்கித் தர்க்கம் படித்தார்கள்.

பெண்குருவான குரத்தியாருக்கு வயது நாற்பது. அவருடைய தலைமாணாக்கர் மதிசேனருக்கு ஐம்பத்திரண்டு. துறைமுகப் பட்டினத்தில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், கடையை மூடிவிட்டுப் படிக்க வந்திருந்தார். பேரம் பேசிப் பழகிய வாய். தர்க்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் குற்றம் சொல்வதானால் சபையில் நின்று முறைப்படி சொல்ல வேண்டும். முதலில் மேற்கோள், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; அடுத்து ஏது, அதாவது அதற்கான காரணம்; பிறகு எடுத்துக்காட்டு. சொல்லி முடித்ததும் எதிரே நிற்பவரிடம் மூன்று முறை, "மறுப்பு உண்டா?" என்று கேட்பார்கள். மூன்று முறையும் அவர் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கோபதாபம் இல்லாமல் வழக்குத் தீர இதைவிட நல்ல வழி இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். மதிசேனர் ஒருபடி அதிகமாகவே நம்பினார்.

குரத்தியார் வேறொரு குன்றுக்குப் போயிருந்த ஒரு மாதத்தில்தான் அது நடந்தது. பள்ளிக்கு நெல் குற்றித் தரும் சாத்தி என்பவளின் குடிசையிலிருந்து, பொழுது சாய்ந்த பிறகு புகை வருவதை மதிசேனர் பார்த்தார். பள்ளிக்கு அரிசி குற்றுகிறவள் இருட்டிய பின் சாப்பிடுவதில்லை என்று நோன்பு எடுத்திருக்க வேண்டும். சாத்தி பதினோரு வருஷமாக அந்த நோன்பில் இருந்தாள்.

மறுநாள் அவளைச் சபைக்குக் கூப்பிட்டார்கள். முப்பது துறவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தூணோரமாக நின்றாள்.

"இருட்டிய பின் உன் குடிசையில் புகை வந்ததா?" என்று கேட்டார் மதிசேனர்.

"வந்துச்சு சாமி."

"தீ இல்லாமல் புகை வருமா?"

"வராது சாமி."

"அது அடுப்புத் தீதானே?"

"ஆமா சாமி."

"ஊரில் பெண்கள் அடுப்பு மூட்டுவது எதற்கு?"

"சமைக்கத்தான் சாமி."

மதிசேனர் சபையின் பக்கம் திரும்பினார். "சாத்தி இருட்டிய பின் உண்டாள் என்பது மேற்கோள். இருட்டிய பின் அடுப்பு மூட்டியதால் என்பது ஏது. அடுப்பு மூட்டும் எந்த வீட்டையும் போல என்பது எடுத்துக்காட்டு."

பிறகு அவளிடம் கேட்டார். "மறுப்பு உண்டா?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் தரையைத்தான் பார்த்தாள்.

அன்றோடு அவளுடைய வேலை போனது.

குரத்தியார் திரும்பி வந்ததும் மதிசேனர் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை அவரே கவனிக்கவில்லை.

குரத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒவ்வொரு வாக்கியமாக இன்னொரு முறை சொல்லும்."

சொன்னார்.

"அழகாகக் கட்டியிருக்கிறீர்."

"நன்றி, தாயே."

"சாத்தி இப்போது எங்கே இருக்கிறாள்?"

"தெரியாது. அது வழக்குக்கு வெளியே உள்ள விஷயம்."

"அடுப்பு எதற்கு மூட்டினாள்?"

"அதைத்தானே தாயே நிறுவினேன்."

"நிறுவினீர், சரி. அவளிடம் கேட்டீரா?"

மதிசேனர் நினைவில் தேடிப் பார்த்தார். நான்கு கேள்விகள் கேட்டிருந்தார், அந்த ஒரு கேள்வி மட்டும் அதில் இல்லை.

"போய்க் கேட்டுவிட்டு வாரும்" என்றார் குரத்தியார்.

இரண்டு ஊர் தள்ளி, யாருடைய வயலிலோ களை பறித்துக்கொண்டிருந்தாள் சாத்தி. இடது கையால் பறித்தாள். வலது கையை மடியோடு ஒட்டி வைத்திருந்தாள். மதிசேனரைக் கண்டதும் பதறி எழுந்து வரப்போரமாக நின்றாள்.

"அன்றைக்கு அடுப்பு எதற்கு மூட்டினாய், அம்மா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தவிடு வறுக்கத்தான் சாமி. தோள்பட்டை வீங்கிப் போச்சு. வறுத்த தவிட்டைத் துணியில கட்டி ஒத்தடம் குடுத்தேன்."

"வீக்கம் எப்படி வந்தது?"

"வாதம் பண்ணணும்னு வெளியூர்லேர்ந்து நாப்பது பேரை வரவழைச்சிருந்தீங்களே சாமி. பத்து நாள் தங்கினாங்க. அவங்களுக்கும் சேத்துக் குத்தினேன். பழக்கமில்லாத அளவு."

மதிசேனருக்குக் காது மடல் சுட்டது. அந்த வாதத்தில் ஜெயித்தது அவர்தான். பத்து நாளும் வயிறாரச் சாப்பிட்டு ஜெயித்தார். அரிசி எங்கிருந்து வந்தது என்று ஒரு வேளைகூட அவர் யோசித்ததில்லை.

"இதைச் சபையில் சொல்லியிருக்கலாமே!"

"அத்தனை ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடி தோளைப் பத்தி, ஒத்தடத்தைப் பத்தி எப்படிச் சாமி பேசுறது? வெக்கமா இருந்துச்சு."

"இல்லை என்று ஒரு வார்த்தையாவது..."

"நீங்க கேட்டது எல்லாம் உண்மைதானே சாமி? புகை வந்தது உண்மை. தீ மூட்டினது உண்மை. சமைக்கத்தான் எல்லாரும் அடுப்பு மூட்டுறாங்க, அதுவும் உண்மை. உண்மையை எப்படி இல்லைன்னு சொல்றது?"



"இப்போது எங்கே தங்கியிருக்கிறாய்?"

"தங்கச்சி வீட்டுலதான். நோன்பை முறிச்சவள்னு சேதி இங்கேயும் வந்துருச்சு. தங்கச்சி மாமியார் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்குறாங்க. வேலை போனது கிடக்கட்டும் சாமி, அது எப்படியாவது சமாளிச்சுக்கலாம். இதுதான்..."

அவள் குனிந்து களை பறிக்கத் தொடங்கிவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மதிசேனர் தன்னையே திட்டிக்கொண்டார். எதிரே வந்தவர்கள் வணங்கினார்கள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ளக் கூசி, சாலையை விட்டிறங்கி முள்காட்டு வழியாக நடந்தார். அப்படிக் கூசிப்போன நிலையிலும் அவர் மனசு ஓர் ஓரத்தில் ஏதுவையும் எடுத்துக்காட்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் அவர் கவனித்தார். அதற்காகவும் வெட்கப்பட்டார்.

குரத்தியார் முன் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"என் வாதத்தில் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, தாயே. அடுப்புத் தீ எல்லாம் சமைக்கும் தீ என்று எடுத்துக்கொண்டேன்."

"சாத்தியின் தோள் எப்படி இருக்கிறது?"

 அதை மதிசேனர் கேட்டிருக்கவில்லை.

"நாளைக்கே சபையைக் கூட்டுகிறேன்" என்றார் அவசரமாக. "அவள் பெயரைக் கெடுத்த இடத்திலேயே அதை மீட்டுத் தருகிறேன்."

"செய்யும்" என்றார் குரத்தியார்.

சொன்னபடி செய்தார். சாத்தியை அழைத்துவர வண்டி அனுப்பினார். சபை நிறைந்திருந்தது. சேதி கேட்டு ஊர் ஜனங்களும் வாசலில் வந்து நின்றார்கள். குரத்தியார் மட்டும் வரவில்லை, குன்றில் இருந்த தன் குகையிலேயே இருந்துவிட்டார். சாத்தி அதே தூணோரம் நின்றாள்.

மதிசேனர் எழுந்தார். சாத்தி நோன்பை முறிக்கவில்லை என்பது மேற்கோள் என்றார். ஏதுவைச் சொன்னார். தவிட்டைப் பற்றியும் தோள்வீக்கத்தைப் பற்றியும் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். எடுத்துக்காட்டாக, கொல்லனும் குயவனும் மூட்டும் தீயைச் சொன்னார். குற்றவாளி நானே என்று முடித்தார். குரல் தழுதழுத்தது, ஆனால் ஒரு வாக்கியமும் முறை தவறவில்லை. சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன தெளிவு!" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சாத்தி தோளில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிறகு அவளைப் பார்த்து அவர் கைகூப்பினார். "நீ என்னை மன்னித்து, மறுபடியும் பள்ளிக்கு அரிசி குற்ற வர வேண்டும். மறுப்பு உண்டா?"

மூன்று முறை கேட்டார்.

சபை கலைந்ததும் குகைக்கு ஓடினார். பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது.

"முடிந்தது, தாயே. எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மன்னித்துவிட்டாள். வேலைக்கும் வருவாள்."

"என்ன சொன்னாள்?"

"எதுவும் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மறுக்கவில்லை."

குரத்தியார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன தடவையும் மறுக்கவில்லையே, மதிசேனரே."