கிரீம் பஃப்புக்குள் இடம் வந்த கதை

கோழியும் பசுவும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் செசிலி என்ற ரொட்டிக்காரி இருந்தாள். அவள் சுடும் பண்டம் எதுவானாலும் உள்ளே கெட்டியாகவே இருக்கும். நடுவில் காலியிடத்தோடு ஒரு பண்டத்தை அப்போது யாரும் கண்டதில்லை.

ஒரு மார்கழியில் அவள் தங்கை மார்த்தா வீடு திரும்பினாள். பிறந்து மூன்றே நாளான குழந்தையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் கஞ்சியைத் தொடவில்லை. ரொட்டியை நீட்டினால், "வேணாம்க்கா, இறங்காது" என்பாள். நான்கு நாள் அப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் காலை செசிலி கோழிக்கூட்டுக்குப் போனாள். சாம்பல் நிறக் கோழி ஆறு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சிக்கு மெத்துனு ஏதாவது செஞ்சு தரணும். முட்டை தருவியா?" என்று கேட்டாள்.

கோழி முட்டைகளை அலகால் ஒருமுறை புரட்டிப் பார்த்தது. பிறகு சொன்னது: "சேவலைக் கீரி கொண்டுபோய் மாசம் ஒண்ணாச்சு. இதுல குஞ்சு வராதுன்னு எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் மனசு வரல." மெல்ல எழுந்து ஒதுங்கி நின்றது. "எடுத்துக்க. ஆனா என் முட்டை சூட்டுல இருக்கறப்போ நடுவுல திறந்து பார்க்காதே."

செசிலி தண்ணீரையும் வெண்ணெயையும் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டிக் கிளறினாள். சூடு ஆறியதும் மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடித்தாள். கரண்டியால் தட்டில் உருண்டை உருண்டையாக வைத்து ரொட்டி அடுப்புக்குள் தள்ளினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. கருகிவிட்டால் என்ன செய்வது என்று பதறிக் கதவைத் திறந்துவிட்டாள். உப்பி வந்த உருண்டைகள் எல்லாம் அவள் கண்ணெதிரே அப்படியே அமுங்கிப்போயின.

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்தச் சத்தம் கேட்டு மார்த்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். "என்னக்கா?"

"உனக்குன்னு செஞ்சேன்டி. அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்."

மார்த்தா அமுங்கிய உருண்டைகளைப் பார்த்தாள். "இன்னும் முட்டை இருக்கா?"

"மூணு இருக்கு."

மார்த்தா தானே உட்கார்ந்து மாவைக் கிளறி, அந்த மூன்று முட்டைகளையும் ஊற்றி அடித்தாள். இந்த முறையும் செசிலியின் கை கதவுப்பக்கம் போயிற்று. மார்த்தா அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இரு அக்கா, வேகட்டும்."

வாசனை வீடு முழுக்கப் பரவிய பிறகே திறந்தார்கள். உருண்டைகள் பொன்னிறத்தில் உப்பி, பஞ்சுபோலக் கனமில்லாமல் வந்திருந்தன. மார்த்தா ஒன்றைப் பிட்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

இதையா இவள் கண்ணில் காட்டினோம் என்று செசிலி அதைப் பிடுங்கப் போனாள். "கொடுடி, இதுவும் கெட்டுப்போச்சு."

"கெடல" என்றது வாசலில் நின்ற கோழி. "உள்ள ஒரு உயிருக்கு இடம் வைக்கிறதுதான் முட்டையோட பழக்கம். உடைச்சு மாவுல ஊத்தினாலும் அது மறக்காது."

மார்த்தா அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. காலையில் செசிலி சர்க்கரை போட்டு அடித்து வைத்திருந்த பாலேட்டுக் கிண்ணத்தை அருகே இழுத்தாள். ஒரு கரண்டி எடுத்து உள்ளே நிரப்பினாள். முதலில் அக்காவுக்கு ஊட்டினாள். அடுத்ததை நிரப்பித் தன் வாயில் வைத்தாள். அழுதுகொண்டே மென்றாள், மென்றுகொண்டே இன்னொன்றை நிரப்பினாள்.

வேகும்வரை அடுப்புக் கதவைத் திறக்காமல் காத்திருக்கிற வழக்கம் அன்றைக்கு வந்ததுதான். இன்று கிரீம் பஃப் என்கிற அந்தப் பண்டம் வயிற்றில் ஒன்றுமில்லாமல் அடுப்பைவிட்டு இறங்குவதும், யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையால் நிரப்பித் தருவதும் அன்று முதல்தான்.