யானைக் கவளமும் ஏழாண்டுச் சிறையும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ராஜாவின் வெள்ளிப் படிக்கம் காணாமல் போயிற்று. எச்சில் துப்புகிற பாத்திரம்தான். ஆனால் ராஜாவுக்கு வந்ததே கோபம்!

இதற்காகவே காத்திருந்தவர் போல அமைச்சர் அனந்தராயர் ஓலையோடு எழுந்தார். “அரண்மனைப் பொருளை உத்தரவு கேளாமல் எடுப்பவர் யாராயினும், பதின்மூன்று வயதுப் பிள்ளையாயினும் எழுபது வயதுக் கிழவராயினும், ஏழாண்டுச் சிறை. நியாயாதிபதி விசாரிக்க வேண்டியதில்லை. அரசரே நினைத்தாலும் ஒரு நாள் குறையாது.” ராஜா முத்திரையிட்டார்.

விகடகவி சிற்றம்பலத்துக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. படிக்கம் போனது நேற்று மாலை. இவ்வளவு பெரிய ஓலையை இந்த ஆள் எப்போது எழுதினார்? அதைப் படிக்கும்போது ஏன் என் கையையே பார்க்கிறார்? சிற்றம்பலத்துக்குச் சபை நடுவே தாம்பாளத்துப் பழத்தை எடுத்து உரித்துத் தின்கிற பழக்கம் உண்டு. அடப்பாவி, வலை எனக்கா! அன்று முதல் அவர் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்தார். தூணுக்குத் தூண் அமைச்சரின் ஒற்றன் நின்று அவரையே பார்த்தான்.

வலையில் விழுந்தது வேறு ஆள். யானைப் பாகன் மகன் வேலப்பன், பதினாலு வயது. யானைக்கு உருட்டிய வெல்லச் சோற்றுக் கவளத்தில் மிச்சத்தைத் தின்றான் என்று பிடித்து விலங்கு பூட்டினார்கள். மிச்சக் கவளம் பாகன் வீட்டுக்கு என்பது தலைமுறை வழக்கம். ஓலையில் வழக்கத்துக்கு இடமில்லை. விசாரிக்க உரிமை இல்லாத நியாயாதிபதி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வைத்த பொறியில் இந்தப் பிள்ளையா என்று சிற்றம்பலம் பதறினார்.

எட்டு நாள் யோசித்தார். ஒன்பதாம் நாள் காலையில் ராஜாவிடம் போய், “மகாராஜா, சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் பொறுப்பை அடியேனுக்குத் தாருங்கள். நாலு காவலரும் கொஞ்சம் விலங்கும் போதும்” என்றார். ராஜாவும் சம்மதித்தார்.

சற்று நேரத்தில் ராஜா சபைக்கு வந்து பார்த்தால், ஆசனங்கள் எல்லாம் காலி! பதினேழு பிரபுக்கள் சுவரோரம் விலங்கோடு நின்றார்கள். முதல் ஆள் அனந்தராயர்.

“என்ன கூத்து இது?”

“கள்வர்கள், மகாராஜா. வாசலில் இருக்கும் அரண்மனைச் சந்தனத்தை உத்தரவு கேளாமல் எடுத்தார்கள். களவுப் பொருள் நெற்றியிலேயே இருக்கிறது, பாருங்கள். இன்னும் காயவில்லை.”

“மகாராஜா! சந்தனம் பூசிக்கொண்டு வருவது என் பாட்டனார் காலத்து வழக்கம்!” என்று அலறினார் அனந்தராயர்.

“மிச்சக் கவளம் பாகனுக்கு என்பதும் வழக்கம்தான், அமைச்சரே.”

“போதும், இவர்களை விடு” என்றார் ராஜா.

“எப்படி விடுவது? அரசரே நினைத்தாலும் ஒரு நாள் குறையாதே! எழுதியது அமைச்சர், முத்திரை தங்களுடையது. கவலை வேண்டாம். அமைச்சருக்கு இப்போது அறுபத்து மூன்று. எழுபதில் திரும்பி வந்து நாட்டைக் கவனிப்பார்.”

ராஜா காலி ஆசனங்களைப் பார்த்தார். அமைச்சரின் சந்தன நெற்றி வியர்வையில் வழிவதைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். எல்லார் விலங்கும் கழன்றது. அனந்தராயரும் சேர்ந்து சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. சிற்றம்பலம் அதைக் கவனித்துக்கொண்டார்.

“உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“பாகன் மகனை அழைத்து, நியாயாதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், மகாராஜா.”

வேலப்பன் வந்தான். நியாயாதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏனப்பா அதை எடுத்தாய்?”

“நான் எங்க எடுத்தேன் சாமி? யானை பாதியத் தின்னுட்டு, மீதியத் தும்பிக்கையால எங்கிட்ட நீட்டிச்சு. தெனமும் அப்படித்தான் குடுக்கும். வேணாம்னா கோவிச்சுக்கும்.”

சபையே குலுங்கிச் சிரித்தது. ராஜா கண்ணீர் வரச் சிரித்து, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சிற்றம்பலத்துக்குப் போர்த்தினார். சிற்றம்பலம் அதை மடித்து, விலங்கு உரசிப் புண்ணாகியிருந்த பையனின் காலில் சுற்றினார். “ஒன்பது நாளா இதை ஒருத்தரும் கேக்கலியாடா?” என்றார்.

“இல்ல சாமி” என்றான் பையன்.