தம்மய்யாவின் இரட்டைக்குழல்

"வெட்டலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க வாத்தியாரம்மா."

எத்திராஜ் இதைக் கேட்பது மூன்றாவது நாளாக.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் இயந்திரத் துப்பாக்கியைப் பிரித்துச் சேர்த்துவிடுவார். ஆனால் பழைய வெள்ளைக்காரக் காலத்து இரட்டைக்குழல் ரைஃபிளைத் தொட்டது இல்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் குன்னூரில் ஜுலைகாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஜுலைகா அவரைவிடப் பதினாறு வயது இளையவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்றார். அவள் அவரை ஹவில்தார் என்றாள்.

மேசைமேல் கிடந்த ரைஃபிள் குடகிலிருந்து வந்தது. மச்சய்யா என்ற காப்பித் தோட்டக்காரர் கொண்டுவந்தது. லண்டனில் செய்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கான தோட்டா எங்கேயும் கிடைப்பதில்லை. கடையில் கிடைக்கிற தோட்டா நுழையும்படி, குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையைக் கடைந்து பெரிதாக்கித் தரவேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜுலைகா ஒரு பென்சிலை எடுத்து எத்திராஜின் முகத்துக்கு நேராக, கை நீளத்தில் பிடித்தாள்.

"எத்தனை?"

"ஒண்ணு."

மெதுவாக மூக்கருகே கொண்டுவந்தாள். பென்சில் இரண்டாகப் பிரிந்தது.

"இப்போ?"

"ரெண்டு."

"எது நிஜப் பென்சில்?"

எத்திராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு டீ போடப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவர் அந்தக் குழல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வைக்கு இரண்டும் இணையாக ஓடுகின்றன. உண்மையில் இல்லை. நூறு கஜத்தில் இரண்டு குண்டும் ஒரே இடத்தில் படும்படி, செய்தவன் சுட்டுச் சுட்டுப் பார்த்து, மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துப் பற்றவைத்திருக்கிறான். ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்காக. தோட்டா மாறினால் குண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போகும். அதை மறுபடி சேர்த்துவைக்கிற வித்தை அவருக்குத் தெரியாது.

அதனால் கூடாது.

ஆனால் வெட்டாவிட்டால் இது வெறும் இரும்பு. சுவரில் மாட்டலாம்.

அதனால் வெட்டலாம்.

மறுநாள் அளவுகள் எழுதிய தாளோடு வந்து நின்றார்.

"அறைச் சுவர் தாங்கும். அளந்துட்டேன். ஆனா குண்டு ரெண்டும் சேராது. தலையே வெடிச்சிடும் போல இருக்கு எனக்கு."

"குண்டு எங்க படணும்?"

"நூறு கஜத்துல."

"யாரு சொன்னா?"

"செஞ்சவன்."

"அவன் செத்து எத்தனை வருஷம் ஆச்சு? இப்ப சுடப்போறவரு எதைச் சுடப்போறாரு?"

எத்திராஜுக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. மச்சய்யாவுக்குப் போன் போட்டார்.

"எதையும் இல்லைங்க," என்றார் மச்சய்யா. "ஆகாசத்தைப் பார்த்துத்தான். எங்க அப்பா தம்மய்யாவுக்குத் தொண்ணூத்தொண்ணு. படுக்கையில இருக்காரு. வீட்டுல சாவு விழுந்தா வாசல்ல நின்னு ரெண்டு வெடி அடிப்போம். அடுத்த மலையில இருக்கிறவங்களுக்கெல்லாம் அதுதான் சேதி. சத்தம் கேட்டா எல்லாரும் வந்துடுவாங்க. 'எனக்கு என் ரைஃபிள்லதான் அடிக்கணும்'னு அப்பா சொல்லிட்டாரு. வேற எதுவும் ஆகாதாம்."

எத்திராஜ் போனை வைத்தார். மூன்று நாள் அளந்து எழுதிய தாள் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

"குண்டே வேண்டாமாம், வாத்தியாரம்மா."

ஜுலைகா அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தடியை எடுத்து லேத்தில் மாட்டினாள்.

"துப்பாக்கியை வெட்டலையா?"

"தோட்டாவை வெட்டுவோம்."

பழைய அறையின் அளவுக்கே புதிதாக நாலு தோட்டாக் கூடு கடைந்தார்கள். இரண்டு அவள், இரண்டு அவர். கூட்டின் மேல் விளக்குக் கரி பூசி அறைக்குள் நுழைத்துப் பார்ப்பதும், கரி உரசி அழிந்த இடத்தில் மட்டும் தேய்ப்பதுமாக ஐந்து நாள் போனது. கூட்டுக்குள் கொஞ்சம் வெடிமருந்து, மேலே அட்டை. குண்டு கிடையாது.

ஆளுக்கு ஒன்றாக இரண்டைப் பட்டறைக்குப் பின்னால் வெடித்துப் பார்த்தார்கள். இரண்டும் மலை அதிர வெடித்தன. மிச்சம் இரண்டையும் துணியில் சுற்றி வைத்தார்கள்.

மச்சய்யா வந்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்கும் ஜீப்புக்குமாக அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நிச்சயமா வெடிக்குமில்லே? அந்த நேரத்துல ஏமாத்திடாதே?"

"என் பொறுப்பு," என்றார் எத்திராஜ்.

ஜுலைகா லேத்தைத் துடைக்கப் போய்விட்டாள். அது எத்திராஜுக்குச் சுருக்கென்றது.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, மச்சய்யாவிடமிருந்து போன் வந்தது. எத்திராஜ்தான் எடுத்தார். ஜுலைகாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா போயிட்டாரு. விடியற நேரத்துல."

"வெடிச்சுதா?" கேட்ட பிறகுதான் எத்திராஜுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"வலது குழல் வெடிச்சுது. இடது வெடிக்கலை. குதிரையைத் திரும்ப ஏத்தி விசையை அமுக்கினேன். அப்பவும் இல்லை."

எத்திராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வெடிதான் கேட்டுதா எல்லாருக்கும்?"

"ஆமாங்க. ஒரே வெடி." மச்சய்யாவின் குரல் உடைந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எத்திராஜுக்குப் பிடிபடவில்லை. "எங்க பக்கம் ஒரு வெடி அடிச்சா வேற அர்த்தம். வீட்டுல குழந்தை பிறந்திருக்குன்னு அர்த்தம். நாலு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஒரு பாட்டி தேன் கொண்டாந்திருக்கு, பிள்ளை நாக்குல வைக்க. முற்றத்துல உட்கார்ந்திருக்காங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை."

"ஐயோ," என்றார் எத்திராஜ். "என்னை மன்னிச்சிடுங்க. அது நான் செஞ்ச தோட்டாவாத்தான் இருக்கும்."

"யாரு செஞ்சதுன்னு இப்ப எதுக்கு," என்றாள் ஜுலைகா, போன் பக்கம் குனிந்து. "உங்களுக்கு இன்னொரு தோட்டா வேணுமா, சொல்லுங்க. அளவெல்லாம் கையில இருக்கு, ஹவில்தார் மத்தியானத்துக்குள்ள செஞ்சிடுவாரு. நானே ஜீப்புல கொண்டாறேன். ராத்திரிக்குள்ள ரெண்டாவது வெடியை அடிச்சிடலாம்."

"செய்வீங்களா?"

"செய்வோம். ஆனா அதுக்கு முன்னாடி உள்ள போய் அப்பா முகத்தை ஒருதரம் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு, வேணுமான்னு சொல்லுங்க."

போன் எதன்மேலோ வைக்கப்படும் சத்தம். மரப்பலகையில் காலடிகள் தூரமாகப் போயின. ஒரு கதவு. யாரோ இருமினார்கள். ஒரு கோழி.

எத்திராஜ் எழுந்து போய்ப் பித்தளைத் தடியை லேத்தில் மாட்டினார். அது இரண்டு முறை நழுவியது. ஜுலைகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுநேரம் ஆயிற்று.

காலடிகள் திரும்பி வந்தன.

"வேண்டாங்க," என்றார் மச்சய்யா. "பச்சைப்பிள்ளை தூங்கற மாதிரி இருக்கு அப்பா முகம்."

எத்திராஜின் கை நின்றது. "ஏன்? அவங்களுக்கு என்ன சொல்வீங்க? குழந்தை எங்கேன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேக்கறாங்க," என்றார் மச்சய்யா. "உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டப்போறேன்."