ஓவர்சியர் கட்டிய குளம்

“அவன் மறுபடியும் வந்து உக்காந்திருக்கானுங்கம்மா. கேட்டுக்கு வெளிய. அந்தக் கல்லு மேல.”

நாச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே கத்தினார்.

பாவாயம்மா அவரைக்காயில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க?”

“யாருங்களா? சென்னியப்பனுங்க! உங்களைப் பத்தி மைக் வச்சுப் பேசுனானே, அவன்.”

“ஓ, சென்னியப்பனா. வெயில்லயா உக்காந்திருக்காரு?”

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பாவாயம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு பால் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தவர். எப்போது குருவானார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் அவரும் சேர்ந்து யோசிப்பார். வியாழக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் வீட்டு முன்னறையில் வந்து உட்காருவார்கள். சில வியாழன் அவர் பேசுவார். சில வியாழன் அவரைக்காய் மட்டும்தான்.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் வாய்க்கால் கரை, மதகு, பாலம் என்று கட்டிய மனுஷன். அவர் எழுப்பிய சுவர் எதுவும் ஒரு நூல்கூடச் சாய்ந்ததில்லை. அவருடைய கோபமும் அப்படித்தான்.

சென்னியப்பனை இங்கே அழைத்து வந்ததே நாச்சிமுத்துதான். ஏழு வருடம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் சந்தைத் திடலில் ஒரு பெரிய சாமியார் மேடை போட்டார். சென்னியப்பன் அந்த மேடையில் ஏறி, “ஒரு பால்காரப் பொம்பளைகிட்ட ஏழு வருஷம் ஏமாந்தேன்” என்று மைக்கில் சொன்னார். சந்தைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கத்தரி நாற்று வாங்க வந்த நாச்சிமுத்துவும் கேட்டார். நாற்றை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. பெரிய சாமியார் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார். இப்போது நாலு வியாழனாகச் சென்னியப்பன் வருகிறார். கேட்டைத் தட்டுவதில்லை. வெளியே மண்மேட்டில், வீடு கட்டியபோது மிஞ்சிய கருங்கல் பலகை ஒன்று கிடக்கிறது. அதில் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் எழுந்து போகிறார்.

முதல் வியாழனே நாச்சிமுத்து கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அதிலிருந்து எல்லாரும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வந்து போகிறார்கள்.

“ஒரு முடிவு சொல்லுங்கம்மா. அவன் உள்ள வந்தான்னா நான் வெளிய போயிருவேன்.”

பாவாயம்மா ஒரு காயை ஒடித்தார்.

“தனியா வந்து உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. மைக் வச்சுச் சொன்னான்!”

“நல்லாக் கேட்டுச்சுங்களா?”

“மூணாவது தெரு வரைக்கும் கேட்டுச்சுங்க!”

“நல்ல மைக்குத்தான்.”

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். இந்த அம்மாவுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று நினைத்தார். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

“ஓவர்சியரே,” என்றார் பாவாயம்மா. “பொடக்காலியில ஒரு குளம் வேணுங்க.”

“எதுங்க?”

“குளம். வீட்டுக்குப் பின்னால சும்மாதானே கிடக்குது இடம். வெயில் ஏறிப்போச்சு. குருவியெல்லாம் தண்ணிக்கு அலையுது. சின்னதாப் போதும். கட்டித் தர்றீங்களா?”

“நான் கேட்டதுக்குப் பதிலுங்க?”

“குளம் முடியட்டும்.”

*

மறுநாளே நாச்சிமுத்து டேப்போடு வந்துவிட்டார்.

மூன்று நாள் அளந்தார். வேப்பமரத்து இலை விழாத இடம், காலை வெயில் படுகிற இடம், மழை வந்தால் நிரம்பி வழிவது வாழைக்குப் போகிற இடம். எல்லாம் பார்த்து முளைக்குச்சி அடித்தார். கோபத்தில் இருந்தாலும் வேலையில் குறை வைக்கிற ஆளில்லை.

நாலாம் நாள் வரைபடம் கொண்டுவந்து விரித்தார். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம்.

பாவாயம்மா குனிந்து பார்த்தார்.

“நாலு பக்கமும் நேர்கோடா இருக்குதே, இது என்னங்க?”

“சுவருங்க. செங்குத்தா இறங்குமுங்க. சரிவு விட்டா இடம் வீணு.”

“உள்ள விழுந்தவங்க எப்படி ஏறுவாங்க?”

“யாரு விழப்போறாங்க? கண்ணு தெரியாதா? தூர் வாரணும்னா நான் ஏணி கொண்டாருவேனுங்க.”

பாவாயம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்க இஷ்டம்.”

குழி தோண்ட ஆள் இரண்டு பேர் வந்தார்கள். நாச்சிமுத்துவும் கடப்பாரை பிடித்தார். ஒரு குத்துக்கு ஒருதரம் மைக்கைப் பற்றிப் பேசினார். ஆள்கள் இரண்டு பேருக்கும் சாயங்காலத்துக்குள் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. சென்னியப்பனை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் மண்ணை அள்ளி வெளியே வீசும்போது அவர்களுக்கும் அவர்மேல் கோபமாக வந்தது.

சுவர் எழும்பியது. நாச்சிமுத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். டியூப்பில் தண்ணீர் விட்டு நாலு மூலையும் பார்த்தார். சிமெண்ட் பூசி, அதன்மேல் சிமெண்ட் பால் அடித்து, கையை வைத்தால் வழுக்குகிற மாதிரி இழைத்தார். பதினைந்து நாள் தண்ணீர் விட்டு விட்டு இறைத்து, புதுச் சிமெண்டின் காரத்தைப் போக்கினார். அப்புறம் நிரப்பினார்.

தண்ணீர் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே, நாலு பக்கமும் ஒரே அளவில் நின்றது. தவறு சொல்ல ஒருத்தன் பிறந்து வர வேண்டும்.

“முடிஞ்சுதுங்க. இப்பப் பதில் சொல்லுங்க.”

“தண்ணி கொஞ்ச நாள் நிக்கட்டும்.”

“என்னங்கம்மா இது? அவன் இன்னும் வந்து உக்காந்துட்டுத்தான் இருக்கான்! போன வாரம் மழையில நனைஞ்சுட்டு உக்காந்திருக்கான். யாராவது பாவம் பார்ப்பாங்கன்னு நடிப்பு! அந்தக் கல்லைப் பேத்து ரோட்டுக்கு அந்தாண்ட தள்ளிடறேன். உக்கார இடமிருந்தாத்தானே வருவான்?”

“கனமான கல்லுங்க அது. ரெண்டு பேரு வேணும்.”

இதுவும் பதில் இல்லை. நாச்சிமுத்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பாவாயம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

நாச்சிமுத்து வந்தபோது அவர் குளத்தோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் ஒரு அணில் மிதந்தது.

பாவாயம்மா கையை விட்டு அதை எடுத்தார். முந்தானையில் ஈரம் ஒற்றினார்.

“பிடிங்க.”

நாச்சிமுத்து இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு கைப்பிடிகூட இல்லை. வால் நனைந்து நூலாகத் தொங்கியது.

அவருக்குக் கோபம்தான் வந்தது.

“இதுக்கு அறிவு வேண்டாமுங்களா? இத்தனை பெரிய தோட்டம் இருக்குது. மரம் இருக்குது, செடி இருக்குது. இதுலயா வந்து விழணும்? யாரு விழச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க,” என்றார் பாவாயம்மா. “விழுந்தது அதோட தப்புத்தான்.”

அவர் குரல் கம்மியிருந்தது. நாச்சிமுத்து அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பாவாயம்மா விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

தண்ணீர் மட்டத்தை ஒட்டி மெல்லிசாகப் பாசி படிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பாசியில் கீறல்கள். நகம் வைத்து வைத்து வழுக்கிய கோடுகள். நாச்சிமுத்து குனிந்தார். இந்தப் பக்கம் முழுக்க இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. நாலு சுவரையும் சுற்றி நடந்து பார்த்தார். ஒரு மூலை பாக்கியில்லை.

அணில் கையிலேயே இருந்தது.

“முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்களா!” என்று சத்தம் போட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கும் சேர்த்துக் கோபம்.

“கேட்டேனுங்களே. இன்னொருதரம் அழுத்திக் கேட்டிருக்கணும். அது என் தப்பு.”

வாழையடியில் குழி தோண்டி இரண்டு பேரும் அணிலைப் புதைத்தார்கள்.

*

அன்றைக்கு மத்தியானமே நாச்சிமுத்து சுத்தியல் எடுத்தார். ஒரு மூலையில் விளிம்பை உடைத்து, ஏறி வர ஒரு வாய் வைத்தார். தான் இழைத்த பூச்சைத் தானே பெயர்த்தார். ஒவ்வொரு அடிக்கும் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். மைக் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டில் மிஞ்சிக் கிடந்த கடப்பாக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த வாயிலிருந்து குளத்தின் அடிவரை சரிவாகச் சாய்த்து வைத்தார். பார்க்க அழகாக இருந்தது.

புதன்கிழமை ஒரு தேரை தண்ணீரிலிருந்து அந்தக் கல்லில் ஏறியது. பாதி ஏறி வழுக்கியது. மறுபடி ஏறியது. மறுபடி வழுக்கியது. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் தானே அதைத் தூக்கி வெளியே விட்டார்.

“வழவழன்னு இருந்தா ஆகாதுங்க,” என்றார் பின்னால் வந்து நின்ற பாவாயம்மா.

“தெரியுதுங்க! கண்ணு இல்லீங்களா எனக்கு? சொரசொரன்னு நீளமா ஒரு கல்லு வேணும். நாலடியாவது வேணும். அதுக்கு நான் எங்கீங்க போவேன்?”

பாவாயம்மா உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்து தோட்டம் முழுக்கத் தேடினார். உடைந்த ஓடு இருந்தது. செங்கல் இருந்தது. துவைக்கிற கல் இருந்தது. அது பல வருடம் துணி அடித்துத் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. ஊருக்குள் நாலு வீட்டில் கேட்டார். எல்லாரும் டைல்ஸ் துண்டு வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஒரு கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். அதனால்தான் அவ்வளவு மும்முரமாகத் தேடினார்.

*

வியாழக்கிழமை.

முன்னறையில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் பின்புறம் குளத்தோரம் நின்றார். உடைந்த மூலையைப் பார்த்தார். வாழையடியில் புது மண்ணைப் பார்த்தார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். முன்னறை வழியாகத்தான் போனார். பாவாயம்மா அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கேட்டின் தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. இரண்டு தரம் தட்டித்தான் திறக்க முடிந்தது.

சென்னியப்பன் கல்மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

“எந்திரி.”

சென்னியப்பன் எழுந்தார்.

“இந்தக் கல்லுலகூட உக்காரக் கூடாதுங்களாண்ணா?”

“கூடாது.”

சென்னியப்பன் தலையை ஆட்டினார். அவர் எதிர்பார்த்ததுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

நாச்சிமுத்து குனிந்து கல்லின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. முகம் சிவக்க மறுபடி இழுத்தார். முனை ஒரு சாண் எழும்பித் திரும்பவும் மண்ணில் விழுந்தது.

“எங்க போறே?”

சென்னியப்பன் நின்றார்.

“மைக்ல பேசத் தெரிஞ்சுதில்ல? ஊரே கேக்கப் பேசத் தெரிஞ்சுதில்ல?” நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. “ஒரு மனுஷன் ஒத்தையில கல்லைப் பிடிச்சு முக்கிட்டு நிக்கறது தெரியலியா? பிடிடா அந்தப் பக்கம்!”

சென்னியப்பன் ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கல் எழும்பியது.

“எங்கீங்கண்ணா கொண்டு போறது? ரோட்டுக்கு அந்தாண்டயா?”

நாச்சிமுத்து முதுகால் கேட்டைத் தள்ளினார்.

“உள்ள.”