பூதம் ஏன் வாயைத் திறந்தது

“மூணுல எது டீச்சர்? நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தூக்கமே போச்சு.”

இளம்பரிதி மூன்று படங்களையும் ஜெசிந்தாவின் மேசையில் பரப்பினான்.

மூன்றிலும் ஒரே பூதம்தான். கல் போன்ற தோல், வளைந்த கொம்பு, பிளந்த வாய்.

முதல் படம் கறுப்பு மையில், கோடு கோடாக, பழைய மாயக்கதைப் புத்தகங்களில் வருவதுபோல் இருந்தது. இரண்டாவது எண்ணெய் வண்ணம்போலப் பளபளத்தது. ஒவ்வொரு செதிலிலும் வெளிச்சம் தெறித்தது. மூன்றாவது நீர்வண்ணம். அதில் பூதம் பனிக்குள் பாதி கரைந்து நின்றது.

ஜவுளி டிசைன் வேலையை விட்டுவிட்டுப் படம் வரைய வந்தவன் அவன். கையில் கிடைத்த முதல் புத்தகம் இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற மாயக்கதை விளையாட்டு ஒன்றுக்கான புத்தகம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருந்துகொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். அது பலிக்குமா என்று பகடை சொல்லும்.

புத்தகம் முழுக்க ஒரே பாணி இருக்க வேண்டும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எது என்று திங்கட்கிழமைக்குள் முடிவு செய்யாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஜெசிந்தா அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு அவள் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் அவன் இருந்த வேலையை விட்டான். அதனால் அவள் டீச்சர்.

அவள் மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

“மூணுமே நல்லா இருக்கு.”

“அதுதாங்க பிரச்சினையே.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்கே ஆட்டம் இருக்கு. மூணையும் எடுத்துட்டு வாங்க. மரகதம் மேடம்கிட்ட காட்டுங்க.”

“அவங்களும் ஓவியருங்களா?”

“வக்கீல்.”

ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

மேசைமேல் பகடைகள், ஒரு தட்டில் முறுக்கு. ஒரு பக்கம் அமானுல்லா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஆட்டத்தில் திருடன். எதிரே வக்கீல் மரகதம். ஆட்டத்தில் அவர் வில்லாளி. கோர்ட்டுக் குரலில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் படங்களை அவர்முன் வரிசையாக வைத்தான்.

“மேடம், டீச்சர் உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க. இதுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

மரகதம் கையை நீட்டினார். ஒரு படத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

“தாள் நல்ல கனமா இருக்கு.”

“இல்லீங்க, படம்...”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்களே. ஜெசிந்தா சொல்லலையா?”

இளம்பரிதிக்கு முகம் எரிந்தது. திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தான்.

ஜெசிந்தா டம்ளர்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு உட்கார்ந்து, கதை சொல்லும் குரலில் தொடங்கினாள்.

“குகைப் பாதை முடியுது. பெரிய அறை. அங்கே ஒரு பூதம் நிக்குது. அது எப்படி இருக்குன்னு இவர் சொல்லுவார்.”

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான். டீ கையில் இருந்தது. மரகதம் காதைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார்.

“கல்லு மாதிரி தோலுங்க,” என்றான். “உடம்பு முழுக்கச் செதில். அதுமேல வெளிச்சம் விழுது.”

“வெளிச்சம் எங்கிருந்து வருது?”

“இடது பக்கம். மேலேயிருந்து.”

“குகைக்குள்ள மேலேயிருந்தா? கூரையில ஓட்டையா?”

அவன் இரண்டாவது படத்தைப் பார்த்தான். செதில் பளபளக்க வேண்டும் என்பதற்காக வைத்த வெளிச்சம் அது.

“ஓட்டை இருந்தா நான் அது வழியா ஏறித் தப்பிச்சுக்குவேன்,” என்றார் அமானுல்லா.

“இருய்யா. சாட்சியைக் குழப்பாதே.” மரகதம் இளம்பரிதியின் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்காதீங்க. என்கிட்ட ஒரே ஒரு அம்புதான் மிச்சம். எங்கே விடறதுன்னு தெரியணும், அதுக்குத்தான் கேக்கறேன். வாய் திறந்திருக்கா?”

“திறந்திருக்குங்க. நல்லா.”

“ஏன்?”

“பல்லெல்லாம் தெரியணும்னு...”

“அது உங்களுக்கு வேணும். அதுக்கு என்ன வேணும்? கத்துதா? கடிக்க வருதா? மூச்சு வாங்குதா?”

இளம்பரிதி மூன்று படங்களையும் மாறிமாறிப் பார்த்தான். மை, வண்ணம், பனி. மூன்றிலும் வாய் திறந்துதான் இருந்தது. ஏன் என்று மூன்றிலும் இல்லை.

“தெரியலைங்க,” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

“பார்த்துச் சொல்லுங்க. அவசரமில்லை.”

படங்களில் பார்க்க ஒன்றும் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெகுநேரம் இருட்டுதான். பிறகு அறையின் மூலையில் ஏதோ அசைந்தது.

“மூச்சு வாங்குதுங்க,” என்றான் மெல்ல.

“ஓடி வந்துச்சா?”

“இல்ல. அது ஓடியே ரொம்ப நாளாச்சு. அது வந்த வாசல் இடிஞ்சு விழுந்திருக்கு. நீங்க வந்த பாதை அதுக்குச் சின்னது. உள்ளேயே மாட்டிக்கிச்சு. சுவத்துல ஈரம் இருந்த இடத்தையெல்லாம் நக்கியிருக்கு.”

“நிக்குதா?”

“நிக்க முடியலைங்க. மண்டி போட்டிருக்கு. ஒரு கொம்பு உடைஞ்சிருக்கு. வாசலை முட்டி முட்டிப் பார்த்திருக்கும்போல.”

“எங்களைப் பார்த்துடுச்சா?”

“பார்த்துடுச்சு. ஆனா உங்களைப் பார்க்கலைங்க. உங்க இடுப்புல தொங்கற தண்ணிப் பையைப் பார்க்குது.”

அவன் கண்ணைத் திறந்தான். ஆட்டத்தின் மார்க்கைக் குறிப்பதற்காகக் கிடந்த பென்சிலை எடுத்தான். பளபளக்கும் படத்தைக் கவிழ்த்து அதன் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினான்.

டீ ஆறிப்போனது.

அவன் பென்சிலை வைத்ததும் மரகதம் கேட்டார். “ஆச்சா? யாராவது எனக்குச் சொல்லுங்கப்பா. இவர் வேணாம். அமானுல்லா, நீ சொல்லு.”

அமானுல்லா தாளை இழுத்துக்கொண்டார். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

“மேடம், பெருசா இருக்கு. ஆனா பாவமா இருக்கு. நாக்கு காஞ்சுபோய்... நம்ம மேல அதுக்குக் கோவமே இல்ல மேடம்.”

“அதேதான்,” என்றார் மரகதம். “அதேதான். நான் வில்லைக் கீழே வெச்சுட்டேன். தண்ணிப் பையை அவுத்து அதுகிட்ட நீட்டறேன்.”

ஜெசிந்தா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இது எந்தப் பாணிங்க?”

இளம்பரிதி பார்த்தான். கோடும் இருந்தது, கரைந்த நிழலும் இருந்தது. ஓர் இடத்தில் விரலால் தேய்த்திருந்தான். எப்போது தேய்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“தெரியலைங்க டீச்சர்.”

“திங்கக்கிழமை பதிப்பாளர் கேட்டா?”

“இதைக் கொடுத்துடறேன்.”

ஜெசிந்தா முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஏனுங்க,” என்று மரகதம் அவனைக் கூப்பிட்டார். குரலில் இப்போது கோர்ட்டு இல்லை. “வருஷக்கணக்கா ஆடறேன். இந்தப் புத்தகங்கள்ல படமெல்லாம் பிரமாதமா இருக்குன்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க. சரி, இருக்கட்டும்னு விட்டுடுவேன். இன்னிக்குத்தான் ஒண்ணைப் பார்த்தேன். ரொம்ப நன்றிங்க.”

இளம்பரிதி இரண்டு கையையும் கூப்பினான். அது அவருக்குத் தெரியாது என்று உறைத்ததும் வாய் திறந்தான்.

“நான்தாங்க மேடம் உங்களுக்கு...”

“அதெல்லாம் அப்புறம்,” என்றார் மரகதம். “பையை நீட்டினேனே, என்ன ஆச்சு?”

அவன் குனிந்து பார்த்தான்.

“ரெண்டு கையிலயும் பிடிச்சுக் குடிக்குதுங்க.”