பாட்டுப்பெட்டிக்கு உதறல் எடுத்த கதை

அந்தக் காலத்தில் பாட்டுப்பெட்டியும் செல்போனும் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் காலம் என்றதும் ராஜா ராணி காலத்துக்குப் போய்விடாதீர்கள். ஊருக்கு ஊர் டவர் முளைத்த காலம்தான்.

டவரிலிருந்து குரல்களை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிறவனுக்குச் சிக்னல் என்று பெயர். ஓட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் மரியாதை தெரிந்தவன். வீட்டில் பாட்டுப்பெட்டி பாடிக்கொண்டிருந்தால் வாசலிலேயே நின்று, "வரலாமா?" என்று கேட்பான். பெட்டி சரியென்ற பிறகுதான் உள்ளே போய் செல்போனை எழுப்புவான்.

சம்பூரணத்துக்கு அன்று வளைகாப்பு. புருஷன் கைலாசம் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன், வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். வர முடியவில்லை. "வளையல் போட்ட கையோட போனை எடு. ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரு பேரு வெச்சிருக்கறேன். என் வாயாலதான் சொல்லுவேன்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தான். "இப்பவே சொல்லுங்களேன்" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

காலையில் சம்பூரணம் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். "இத பாரு, இன்னிக்கு நல்ல காரியம். கெட்ட சேதி எது வந்தாலும் காரியம் முடியற மட்டும் வாசல்லயே நிக்கட்டும். உள்ள விட்டுடாத" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? தாலி ஏறும்வரை இழவுச் சேதியை மடியில் முடிந்து வைத்துக்கொள்கிற ஜனம்தானே நாம்!

கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல். பெட்டி நலங்குப் பாட்டைப் பாடியது. சம்பூரணத்தின் கண் மட்டும் அடிக்கொரு தரம் செல்போன் பக்கம் போனது.

"மகாராசிக்குப் புருஷன் ஞாபகத்தைப் பாரு!" என்று அண்ணிக்காரி நங்கையாள் கிண்டல் செய்தாள். சம்பூரணம் சிரித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"வரலாமா? அவசரம்! கைலாசத்தோட குரல். குழாய் சரிஞ்சு மார் மேல விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கறான். பொழைக்க மாட்டானாம். ஏதோ பேரு சொல்லணும்னு துடிக்கிறான்."

பெட்டி உள்ளே பார்த்தது. சம்பூரணம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கெட்ட சேதியை உள்ள விடாதேன்னு அவ சொல்லியிருக்கறா. கொஞ்சம் நில்லு. ரெண்டே பாட்டுதான்."

"அட கூறு கெட்ட பெட்டியே! இன்னும் மூச்சு இருக்குது! குரல் கையில ரொம்ப நேரம் நிக்காது, கரைஞ்சு போயிரும்!"

"அவ சிரிச்சு எத்தனை மாசமாச்சு, உனக்குத் தெரியுமா?" என்ற பெட்டி, அவன் கத்துவது உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று சத்தத்தைக் கூட்டிப் பாடியது.

பாவி, இரண்டு பாட்டையும் முழுசாகப் பாடி முடித்தது.

செல்போன் அடித்தது. சம்பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "சொல்லுங்க, சீக்கிரம் பேரைச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் வேறு யாரோ அழுதார்கள்.

நடந்ததையெல்லாம் சிக்னல்தான் சொன்னான்.

"பேரு?" என்றாள்.

அவன் கையை விரித்தான். "மொத எழுத்துகூட மிஞ்சலை, அக்கா."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "நீ சொன்னதைத்தானே கேட்டேன்" என்றது பெட்டி. ஐயோ! அவள் இரண்டு கையையும் சுவரில் அறைந்தாள். காலையில் போட்ட வளையல் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நான்தான் சொன்னேன். என் வாய் வெந்து போக!" என்று அழுதாள். பிறகு பெட்டியிடம் திரும்பினாள். "இனி எவன் சேதி கொண்டாந்தாலும் உன்னைக் கேக்க மாட்டான். அவன் வாசப்படி மிதிக்கறப்பவே உன் பாட்டு அறுந்து, நீ கெடந்து நடுங்கணும். நல்லதா கெட்டதான்னு பாக்கற வேலை உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

வயிறெரிந்து சொன்னது பலித்துவிட்டது. பெட்டியின் பேச்சும் அன்றோடு போயிற்று.

பிள்ளை பிறந்தது. யார் யாரோ என்னென்னவோ பேர் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் சம்பூரணம், "இதில்லை, இது அவர் வெச்ச பேரு இல்லை" என்று தலையாட்டினாள்.

அன்று முதல்தான் போன் மணி அடிக்கும் முன்பே பாட்டுப்பெட்டி 'டிட்டிட் டிட்டிட் டுர்ர்ர்' என்று உதறுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் சம்பூரணம் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் போனை எடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வேறு யாரோதான் பேசுகிறார்கள்.